முகத்தில் பாயும் மின்னல்

(ஆலயப் பல்நோக்கு மண்டபத்தில் நடைபெற்ற மூத்தோர் உடல்நலக் கூட்டத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுண்ணக்கட்டி பிடித்தவன் நான். ஊசி பிடித்தவன் அல்லன். நோயைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். என் தகுதிகள் இரண்டு. ஒன்று, இந்த நோயால் வருந்திய ஒருவரின் கணவன் நான். மற்றொன்று ஆசிரியத் தொழில் தந்த பழக்கம். அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை எளிமையாக்கிப் பிறருக்குச் சொல்லாவிட்டால் எனக்கு உறக்கம் வராது. ஆகவே, நான் சொல்வதை வகுப்புப் பாடமாகக் கேளுங்கள். மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சீட்டு எழுத வேண்டியவர் மருத்துவர்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வலி. முகத்தின் ஒரு பக்கத்தில் திடீரென மின்னலைப் போல் பாய்ந்து, சில வினாடிகளில் மறையும் வலி. இது அரிதான நோய். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 4 முதல் 13 பேருக்குப் புதிதாக வருகிறது என்பது மருத்துவக் கணக்கு. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கே மிகுதி. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அப்படியானால் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நம் தாய்மார்களின் வயதில் வருகிற நோய் இது.

வலியின் அடையாளம்

நம் முகத்தின் தொடு உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்வது ஐந்தாவது மூளை நரம்பு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. முதற்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்திற்கும் மேல் தாடைக்கும், மூன்றாவது கீழ்த் தாடைக்கும் உரியவை. ஆகையால் இதற்கு முப்பிரிவு நரம்பு என்று பெயர். ஆங்கில மருத்துவர்கள் ட்ரைஜெமினல் என்பார்கள். ஒரே சூலில் மூவராகப் பிறந்தவர்களைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது.

முகத்தை அசைக்கின்ற நரம்பு வேறு. அது ஏழாவது நரம்பு. முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்வது அந்த நரம்பின் கோளாறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முப்பிரிவு நரம்பு வலி வந்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். "கரண்ட் அடித்தது போல", "பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்தியது போல" என்பார்கள். வலி சில வினாடிகள் இருக்கும்; மிஞ்சினால் இரண்டு நிமிடம். பிறகு ஒன்றுமே நடவாதது போல் இருக்கும். மீண்டும் வரும். முகம் கழுவினால் வரும். பல் துலக்கினால் வரும். சோற்றை மென்றால் வரும். ஆண்களுக்குச் சவரம் செய்யும்போது வரும். மின்விசிறிக் காற்று கன்னத்தில் பட்டாலும் வரும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே வரும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வீக்கம் தெரியாது, சிவப்பு தெரியாது, காய்ச்சல் இருக்காது. இந்நோயின் பெருங்கொடுமை இதுதான். அதை அனுபவிப்பவரைத் தவிர வேறெவருக்கும் அது தெரிவதில்லை.

பல் போயிற்று, வலி போகவில்லை

என் துணைவியாருக்கு இது வலக்கன்னத்தில் தொடங்கியது. மேல் தாடைப் பல் வலிப்பதாகவே அவருக்குத் தோன்றியது. ஒரு பல் மருந்தகத்தில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து வலி அடுத்த பல்லுக்கு நகர்ந்தது. அதையும் பிடுங்கினார்கள். மூன்றாவது பல்லுக்கும் நாள் குறித்தார்கள். எடுத்த பற்களில் சொத்தை இல்லை. இது அந்த ஒரு மருந்தகத்தில் மட்டும் நடப்பதன்று. நரம்பின் கிளை பல்லின் வேருக்கே செல்வதால், வலி பல்லிலிருந்து வருவதாகவே மூளைக்குத் தோன்றும். உலகெங்கும் இந்நோயாளிகள் பலர் நல்ல பற்களை இழந்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு சங்கடம். அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் வலி பாயும் என்ற அச்சம். ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், "அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை" என்று மனத்தாங்கலோடு திரும்பிப் போனார். முகத்தைக் கொடுக்க முடியாத நிலையில் அண்ணி இருந்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? உணவும் கஞ்சியாகிவிட்டது. ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ எடை குறைந்தார்.

வழக்கமான இரத்த அழுத்தச் சோதனைக்காகப் பலதுறை மருந்தகத்திற்குச் சென்றபோதுதான் வழி பிறந்தது. அங்கிருந்த இளம் மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்டார். வலி மின்சாரம் பாய்வது போல் வருகிறதா? முகத்தைத் தொட்டால் வருகிறதா? வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றதும் அவர் பல்லைப் பார்க்கவே இல்லை. நரம்பியல் சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். அந்த மூன்று கேள்விகளையும் நீங்களும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும்

இந்த வலி எதனால் வருகிறது? வகுப்பில் சொல்வதைப் போல் ஓர் உவமை சொல்கிறேன். சுவருக்குள் ஒரு மின்கம்பி போகிறது. அதற்கு ரப்பர் உறை உண்டு. அதன் மேல் ஒரு தண்ணீர்க் குழாய் உரசிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் உரசினால் உறை தேயும். கம்பியில் கசிவு ஏற்படும். தொடக் கூடாத இடத்தில் மின்சாரம் பாயும்.

நம் நரம்புக்கும் அத்தகைய உறை உண்டு. முப்பிரிவு நரம்பு மூளைத்தண்டிலிருந்து புறப்படும் இடத்தில் அது மெல்லியதாக இருக்கிறது. வயது ஏற ஏற இரத்தக் குழாய்கள் நீண்டு வளைகின்றன. அப்படி வளைந்த தமனி ஒன்று நரம்பின் மேல் சாய்ந்துவிடுகிறது. நிமிடத்திற்கு எழுபது துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை அது நரம்பை இடிக்கிறது. உறை தேய்கிறது. மெல்லிய தொடு உணர்வும் பெருவலியாக மாறிவிடுகிறது. இவ்வாறு அழுத்துகின்ற குழாய் பெரும்பாலும் சிறுமூளையின் மேற்புறத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியாகும்.

வேறு காரணங்களும் உண்டு. சிலருக்கு மூளையின் அடிப்புறத்துப் பெரிய தமனியே பருத்து நீண்டு நரம்பைத் தள்ளும். வெகு சிலருக்குத் தமனியும் சிரையும் தாறுமாறாகப் பின்னிய பிறழ்வான இரத்தக் குழாய்க் கொத்து காரணமாகும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கட்டி அழுத்துவதாலும், நரம்பு உறையைச் சிதைக்கும் வேறு நோயாலும் வரலாம். ஆகவேதான் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்கள். நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வந்தால், இருபக்கமும் வந்தால், முகம் மரத்துப்போனால், காது கேட்பது குறைந்தால், படம் எடுப்பதில் சிறிதும் தாமதம் கூடாது.

அறிவு வளர்ந்த பாதை

இந்த நோய் புதியதன்று. 1677ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், ஆங்கிலத் தூதரின் மனைவி முகவலியால் துடித்தபோது அவருக்கு மருத்துவம் பார்த்தவர் ஜான் லாக். பிற்காலத்தில் தத்துவ மேதையாகப் புகழ்பெற்ற அதே லாக்தான். 1773இல் லண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் இதைத் தனி நோயாகத் தெளிவாக விவரித்தார்.

காரணத்தைக் கண்ணால் கண்டவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகர அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி. பல நோயாளிகளின் மண்டையோட்டின் பின்புறத்தைத் திறந்து அறுவை செய்தவர் அவர். நரம்பின் மேல் இரத்தக் குழாய் அழுந்திக் கிடப்பதை 1934இல் எழுதினார். அன்று பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு 1966இல் லாஸ் ஏஞ்சலிஸில், பீட்டர் ஜனெட்டா என்ற பயிற்சி மருத்துவர் அறுவை நுண்ணோக்கியின் துணையால் அதே காட்சியைக் கண்டார். நரம்பை வெட்டாமல் குழாயை மட்டும் விலக்கிவைத்தால் போதுமே என்று அவர் துணிந்தார். மூத்தவர்கள் பலர் ஐயப்பட்டனர். பின்னாளில் பிட்ஸ்பர்க் நகரில் பணியாற்றி, அந்த முறையை உலகம் ஏற்கும்படி செய்தார். 2016இல் அவர் காலமானார்.

மருந்தும் முன்பரிசோதனையும்

அறுவை என்றதும் அஞ்ச வேண்டாம். முதல் சிகிச்சை மாத்திரைதான். சாதாரண வலிமாத்திரைகள் இதற்குப் பயன்படமாட்டா. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசிபின் என்ற மருந்தே இதற்கு முதன்மையானது. டெக்ரெட்டால் என்ற பெயரிலும் அதை அறிவீர்கள். 1962இல் சுவீடன் மருத்துவர் ப்ளோம் இம்மருந்து முகவலியை அடக்குவதை எழுதினார். இன்றுவரை அதன் இடம் மாறவில்லை.

இப்போது நான் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். இந்த மருந்து சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். காய்ச்சல் வரும், வாய் புண்ணாகும், உடலெங்கும் தடித்துத் தோல் கழன்றுவிடும். ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் வந்துவிடும். 2004இல் தைவான் ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டறிந்தார்கள். இம்மருந்தால் அந்நோய் வந்து அவர்கள் பரிசோதித்த 44 சீன நோயாளிகள் அனைவரிடமும் எச்.எல்.ஏ. பி 1502 என்ற மரபணுக் கூறு இருந்தது. மலாய்க்காரர், தாய்லாந்து மக்கள், இந்தியர் ஆகியோரிடையிலும் இத்தொடர்பு பின்னர் தெரியவந்தது.

எனவே சிங்கப்பூரில் சுகாதார அதிகாரிகள் 2013இல் ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். ஆசிய வழிவந்தவர்களுக்குக் கார்பமசிபினைப் புதிதாகத் தொடங்குமுன் இந்த மரபணுவுக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்பது அது. வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும். கூறு இருப்பதாகத் தெரிந்தால் மருத்துவர் வேறு மருந்து தருவார். ஊருக்குப் போகும்போது மருந்துக்கடையில் வாங்கிவந்ததையும், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்ததையும் விழுங்காதீர்கள். பல ஆண்டுகளாக இம்மருந்தைத் தொல்லையின்றி உட்கொள்பவர்கள், இந்த உரையைக் கேட்டு அஞ்சித் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. மருத்துவரிடம் கேளுங்கள்.

என் துணைவியாருக்குப் பரிசோதனையில் அந்தக் கூறு இல்லை. மருந்து தொடங்கிய மூன்றாம் நாளே வலி பாதியாகக் குறைந்தது. நான்கு ஆண்டுகள் நன்றாக ஓடின. பிறகு வலி மீண்டும் தலைதூக்க, மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று. தலைசுற்றல் வந்தது. இரத்தத்தில் உப்புச் சத்து இறங்கியது. ஒரு நாள் சமையற்கட்டில் விழுந்துவிட்டார். மருந்தைக் கூட்டினால் தள்ளாட்டம், குறைத்தால் வலி. அந்த நிலையில்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வந்தது.

அறுவை என்ன செய்கிறது?

காதுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு வெள்ளி நாணயம் அளவுக்கு எலும்பில் ஒரு திறப்பு. அதன் வழியே நுண்ணோக்கியால் பார்த்து, நரம்பின் மேல் கிடக்கும் குழாயை மெல்ல விலக்கி, இரண்டிற்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். மின்கம்பிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையில் மெத்தை வைப்பது போலத்தான். நரம்பை வெட்டுவதில்லை.

இதன் பலன் என்ன? பிட்ஸ்பர்க்கில் அறுவை செய்துகொண்ட 1,185 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1996இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்கு 70 பேர் மருந்தே இல்லாமல் வலியின்றி இருந்தார்கள். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர்களில் இருவர் அறுவைக்குப் பின் விரைவில் இறந்தனர். நூற்றுக்கு ஒருவருக்கு அந்தப் பக்கக் காது கேளாமல் போயிற்று.

எங்களுக்கும் மருத்துவர் இவற்றை மறைக்காமல் சொன்னார். வீட்டில் மூன்று வாரம் பேசினோம். "உயிருக்குத் தீங்கில்லாத நோய்க்கு மண்டையைத் திறப்பதா?" என்றான் மகன். "உயிருக்குத் தீங்கில்லைதான். ஆனால் வாழ்க்கைக்குத் தீங்காக இருக்கிறதே!" என்றார் அவர். முடிவெடுத்தவர் அவரே. வலி அவருடையது, முடிவும் அவருடையதாக இருப்பதுதான் முறை. அறுவை முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. வலி திரும்பவில்லை.

வயது முதிர்ந்தவர்கள், இருதய நோயுள்ளவர்கள், அறுவையை விரும்பாதவர்கள் ஆகியோருக்கு வேறு வழிகள் உண்டு. கன்னத்தின் வழியே ஊசியைச் செலுத்தி, நரம்பு முடிச்சை வெப்பத்தாலோ, கிளிசரினாலோ, சிறு பலூனாலோ மட்டுப்படுத்துவது ஒரு முறை. பலன் விரைவில் தெரியும். ஆனால் முகம் ஓரளவு மரத்துப்போகும். சில ஆண்டுகளில் வலி திரும்பக்கூடும். காமாக் கத்தி என்பது மற்றொரு முறை. பெயர்தான் கத்தி, வெட்டு இல்லை. சுவீடன் நாட்டு லார்ஸ் லெக்செல் வகுத்த முறைப்படி, அதன் முதல் கருவி 1968இல் ஸ்டாக்ஹோமில் நிறுவப்பட்டது. ஏறத்தாழ இருநூறு மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். பலன் தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும்.

பின்னிக்கொண்ட குழாய்கள்

முன்பு சொன்ன பிறழ்வான குழாய்க் கொத்துக்கு வருகிறேன். இயல்பாகத் தமனிக்கும் சிரைக்கும் நடுவில் நுண்குழாய்கள் இருந்து இரத்தத்தின் வேகத்தைத் தணிக்கும். சிலருக்கு மூளையில் ஓரிடத்தில் அவை இல்லாமல், தமனி நேராகச் சிரையில் கொட்டும். சிக்கு விழுந்த நூற்கண்டைப் போல் அவ்விடம் பருத்து நிற்கும். அது முப்பிரிவு நரம்பின் அருகில் அமைந்தால் அதே முகவலி வரும். இது மிக அரிது. ஆனால் இங்கே வலி மட்டும் கவலையன்று; அந்தக் கொத்து வெடித்து மூளைக்குள் இரத்தம் கசியலாம். ஆண்டுக்கு நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு அவ்வாறு நேரலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

ஆகவே இவர்களுக்குப் பஞ்சு வைத்து ஒதுக்குவதோடு வேலை முடிந்துவிடாது. கொத்தையே அடைக்க வேண்டும். அல்லது அகற்ற வேண்டும். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயைச் செலுத்தி மூளை வரை கொண்டுசென்று, பசை போன்ற பொருளால் அடைப்பது ஒரு வழி. அறுவையால் அகற்றுவது ஒரு வழி. கதிர்களைக் குவித்து மெல்லச் சுருங்கச் செய்வது ஒரு வழி. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும், அதுவரை கசியும் ஆபத்து நீங்காது. சில வேளைகளில் இரண்டு முறைகளைச் சேர்த்துச் செய்வார்கள். கொத்தின் அளவும் இடமும் நோயாளியின் வயதும் பார்த்து, மருத்துவர் பலர் கூடி முடிவெடுப்பார்கள். மூளைத்தண்டின் அருகில் என்றால், தொடாமல் கண்காணிப்பதே நல்லது என்று சொல்வதும் உண்டு. இத்தகையவருக்குத் திடீரெனத் தாங்க முடியாத தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் ஒரு நொடியும் வீணாக்காமல் 995ஐ அழையுங்கள்.

நம்புவதே முதல் உதவி

மெய்யன்பர்களே, சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் பெருமானின் வரலாறு நமக்குத் தெரியும். மருத்துவம் செய்தும் தீராத நிலையில் அவர் தமக்கையார் திலகவதியாரிடம் வந்தார். சமயம் மாறிப் போன தம்பியைத் தமக்கையார் கடிந்து பேசவில்லை. வலி உண்மைதானா என்று சோதிக்கவும் இல்லை. திருநீறு தந்து, திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தம்பியின் வலியை அவர் நம்பினார். நான் அதிலிருந்து கற்ற பாடம் அதுதான்.

நம் வீட்டில் பெரியவர் ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தால், "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லாதீர்கள். "வயசானால் அப்படித்தான்" என்று ஒதுக்காதீர்கள். திருஷ்டி கழிக்க விரும்பினால் கழியுங்கள்; நேர்த்திக்கடன் வைத்தால் நிறைவேற்றுங்கள். அதோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். வலி எப்போது வந்தது, எது தூண்டியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பல்லைப் பிடுங்குமுன் இன்னொருவர் கருத்தையும் கேளுங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப், 1993இல் அமைக்கப்பட்ட மெடிஃபண்ட் ஆகியவை பற்றி மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். துணைக்கு ஆளில்லாத மூத்தவர்கள் நம் ஆலய அலுவலகத்தில் சொன்னால், உடன் வர ஒரு தொண்டரை அனுப்புகிறோம். நன்கொடையாளர்களே, உங்கள் கொடை கோபுரத்தில் மட்டும் நிற்கவில்லை. இத்தகைய துணையாகவும் நடமாடுகிறது. உங்களுக்கு எங்கள் நன்றி.

அர்ச்சனைக்கு வரும் முதியோர் எல்லாரும் நெற்றி நிறைய நீறணிந்து, வாய் நிறையப் பேசி, வயிறார அன்னதானம் உண்டு செல்ல வேண்டும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!